ஆஃபீஸுக்கு சைக்கிள்ல: கெனால் ஓரமா, மெயின் ரோடா, உள்தெருவா?

லண்டன்ல சைக்கிள்ல வேலைக்குப் போலாமான்னு யோசிக்கற நம்ம ஆளுங்க கிட்ட பேசினா பாதிப்பேர் ஒரே மாதிரிதான் சொல்றாங்க, பஸ்ஸு லாரியோட மெயின் ரோட்டுல போக பயமா இருக்கு, கெனால் ஓரமா ஒரு பாதை இருக்குல்ல, அதுல போயிடலாம்னு இருக்கேன்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. கார் கிடையாது, சிக்னல் கிடையாது, மேடு கிடையாது, பக்கத்துல தண்ணி, வாத்து, மரம். ஆனா இந்தக் கணக்குல ஒரு ஓட்டை இருக்கு. டோபாத்தை, அதாவது அந்தக் கெனால் ஓரப் பாதையை, எப்பவுமே ஊர்லயே மோசமான ரோட்டோட வெச்சுதான் எல்லாரும் ஒப்பிடறாங்க. ஒரு பக்கம் யூஸ்டன் ரோடு, இன்னொரு பக்கம் வாத்துன்னா யாரா இருந்தாலும் வாத்துப் பக்கம்தான் போவாங்க, அதுல யோசிக்க என்ன இருக்கு. கேக்க வேண்டியது வேற: அந்தக் கெனாலுக்கு ரெண்டு தெரு தள்ளி, கார் அதிகம் வராத உள்தெரு ஒண்ணு இருக்கா இல்லையா? இருந்தா பெரும்பாலும் அந்தத் தெருதான் ஜெயிக்கும். இல்லன்னா கெனால். மெயின் ரோடு ரெண்டுக்கும் அப்புறம்தான், ஆனா அதையும் ஒரேயடியா ஒதுக்க முடியாது, ஏன்னு கீழ சொல்றேன்.

முதல்ல டோபாத்துன்னா என்னன்னு பாத்துடலாம். எஞ்சின் வர்றதுக்கு முன்னாடி சரக்குப் படகைக் குதிரைதான் கயிறு கட்டி இழுத்துச்சு, அந்தக் குதிரை நடக்கறதுக்காகப் போட்ட பாதை இது. ரீஜண்ட்ஸ் கெனால் 1812ல சட்டம் போட்டு ஆரம்பிச்சு, 1816ல பேடிங்டன்லேர்ந்து கேம்டன் வரைக்கும் முடிஞ்சு, 1820ல முழுசா திறந்து லைம்ஹவுஸ்ல தேம்ஸைத் தொட்டுச்சு, நீளம் 14 கிலோமீட்டருக்கு கொஞ்சம் குறைவு. பாலத்துக்கு அடியில குனிஞ்சு போறப்ப ஓரத்து இரும்பைக் கவனிச்சீங்கன்னா வரிவரியா பள்ளம் விழுந்திருக்கும், ஈரக்கயிறு மண்ணோட சேர்ந்து வருஷக்கணக்கா உரசினது. ரீஜண்ட்ஸ் பார்க் பக்கத்துல மேக்கிள்ஸ்ஃபீல்ட் பாலம் இருக்கு, 1874ல வெடிமருந்து ஏத்திட்டு வந்த ஒரு படகு சரியா அதுக்கு அடியில வெடிச்சு பாலம் தூள் தூளாப் போச்சு, திரும்பக் கட்டறப்ப பழைய இரும்புத் தூணையே எடுத்து திருப்பி வெச்சுட்டாங்க, அதனால அந்தத் தூண்ல மட்டும் ரெண்டு பக்கமும் கயிறு தடம். சரி, இந்தப் பழங்கதை எதுக்குன்னா, குதிரை மணிக்கு நாலஞ்சு கிலோமீட்டர் வேகத்துல நடக்கும், அந்த நடைக்கு என்ன அகலம் வேணுமோ, எப்படி வளைஞ்சா போதுமோ, அப்படித்தான் இந்தப் பாதை இருக்கு. பாலத்துக்கு அடியில எதிர்ல யார் வர்றாங்கன்னு தெரியாத வளைவு, தலையில இடிக்கற உயரம், ஒரு ஆள் நின்னா இன்னொரு ஆள் தாண்ட முடியாத அகலம். இன்னைக்கும் படகுக்கு அங்க மணிக்கு 4 மைல்தான் வேக வரம்பு. நீங்க காலைல ஒம்போது மணி மீட்டிங்குக்கு அவசரமா வர்ற ஆள்னா இந்த இடம் உங்களுக்காகப் போட்டது இல்ல.

கிழக்கு லண்டன் பக்கத்தை எடுத்துக்கலாம், மைல் எண்ட்லேர்ந்து கிங்ஸ் கிராஸ் போறவங்க. மேப்ல பாத்தா ரீஜண்ட்ஸ் கெனால் அப்படியே வடக்க ஏறி, விக்டோரியா பார்க் ஓரமா போயி, மேற்க திரும்பி பிராட்வே மார்க்கெட், ஹேகர்ஸ்டன், ஏஞ்சல், கிங்ஸ் கிராஸ்னு கோடு போட்ட மாதிரி போகுது. முதல் ஞாயித்துக்கிழமை ட்ரையல் போனவங்க எல்லாருமே இதுதான்டா வழின்னு முடிவு பண்ணிடுவாங்க. வார நாள் காலைல எட்டரைக்கு அதே இடத்துல போயி பாருங்க. விக்டோரியா பார்க்குக்கும் ஏஞ்சலுக்கும் நடுவுல ஓடறவங்க, நாய் கூட்டிட்டு வர்றவங்க, தள்ளுவண்டியில குழந்தையோட வர்றவங்க, காதுல ஹெட்ஃபோன் மாட்டிட்டு நடக்கறவங்க, அப்புறம் உங்கள மாதிரியே மெயின் ரோட்டுக்கு பயந்து வந்த சைக்கிள்காரங்க, எல்லாம் அந்த ரெண்டு மீட்டருக்குள்ள. ஒவ்வொரு பாலத்துக்கு முன்னாடியும் பிரேக் புடிச்சு பெல் அடிச்சு எதிர்ல ஆள் வெளிய வர்ற வரைக்கும் நின்னு போகணும். இது போக படகை மட்டம் மாத்தி ஏத்தி இறக்கற லாக் நாலஞ்சு வரும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு குட்டிச் சரிவு, கல் பதிச்சது, ஈரமா இருந்தா வழுக்கும்.

அதை விட முக்கியம், ஏஞ்சல்ல பாதையே கிடையாது. இஸ்லிங்டன் சுரங்கம் 878 மீட்டர், அதுக்குள்ள டோபாத் போடவே இல்ல. அந்தக் காலத்துலயும் குதிரையை அவுத்து மேல தெரு வழியா கூட்டிட்டுப் போவாங்க, படகுல இருக்கறவங்க மல்லாந்து படுத்து சுவத்தை கால்ல உதைச்சு உதைச்சு படகைத் தள்ளுவாங்க, 1826லயே இதுக்குன்னு நீராவி இழுவைப் படகு கொண்டு வந்துட்டாங்க, அவ்வளவு லேட் ஆச்சு போல. இப்ப நீங்கதான் அந்தக் குதிரை. கோல்புரூக் ரோவுல மேல ஏறி, சேப்பல் மார்க்கெட் பக்கமா சுத்தி, மியூரியல் ஸ்ட்ரீட்ல திரும்ப இறங்கணும். ஆக ரோடே வேணாம்னு கெனாலுக்கு வந்தவங்க கடைசில ஏஞ்சல்ல நல்ல பீக் டைம்ல ரோட்டுல வந்து நிக்கறாங்க.

இதே பயணத்துக்கு உள்தெரு வழி என்னன்னு பாத்தா, ஹேக்னி பக்கம் அதிர்ஷ்டக்கார ஏரியா. டி பூவார்ல 1970கள்லயே தெரு முனையை காருக்கு அடைச்சு சைக்கிளுக்கும் நடக்கறவங்களுக்கும் மட்டும் திறந்து வெச்சாங்க, 2020க்கு அப்புறம் லண்டன் ஃபீல்ட்ஸ் பக்கமும் அப்படி நிறைய தெரு ஆச்சு. வால்தம்ஸ்டோ பக்கத்துலேர்ந்து லண்டன் ஃபீல்ட்ஸ், ஏஞ்சல் வழியா ப்ளூம்ஸ்பரி போற சைக்கிள்வே 27ங்கற சைக்கிள் ரூட் கெனாலுக்குப் பக்கத்துலயே கிட்டத்தட்ட கூடவே வருது. தெருன்னா ரெண்டு பேர் எதிரும் புதிருமா தாராளமா போற அகலம், லைட் இருக்கு, வீடு இருக்கு, தார் ரோடு. ஒண்ணு ரெண்டு இடத்துல பெரிய ரோட்டைத் தாண்டணும், அங்க கொஞ்சம் கவனம். நேரம் பாத்தா டோபாத்துல ஒழுங்கா, அதாவது நடக்கறவங்களுக்கு தொல்லை குடுக்காம ஓட்டினா மணிக்கு 10, 12 கிலோமீட்டர் தாண்டாது, உள்தெருவுல சுலபமா 16, 17 வரும். ஏழு கிலோமீட்டர் தூரத்துக்கு இது கிட்டத்தட்ட பத்து நிமிஷ வித்தியாசம். ஸோ கிழக்குல என் தீர்ப்பு சந்தேகமே இல்லாம உள்தெரு. கெனால் அங்க சாயந்திர நடைக்கு.

டோபாத்துல வேகமா ஓட்டறவங்கள பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், மன்னிச்சுக்கோங்க. இந்தப் பாதைகளைப் பாத்துக்கற கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட், 2012ல பிரிட்டிஷ் வாட்டர்வேஸ்கிட்டேர்ந்து பொறுப்பு வாங்கின சாரிட்டி, அவங்க விதி தெளிவா இருக்கு, நடக்கறவங்களுக்குத்தான் முதல் உரிமை. பழைய காலத்துல சைக்கிள் ஓட்ட பெர்மிட்டே வாங்கணும், இப்ப அது இல்ல, அதுக்காக நம்ம அப்பன் வீட்டு சொத்து ஆயிடாது. நிறைய டோபாத் சட்டப்படி பொதுவழியே கிடையாது, சொந்தக்காரங்க போனா போகட்டும்னு விட்ட வழிதான், வேலை நடந்தா மூடிடுவாங்க, அதுவும் பெரிய ரிப்பேர் எல்லாம் நவம்பர்லேர்ந்து மார்ச்சுக்குள்ளதான் வெப்பாங்க. பெல் ரெண்டு தரம் மெதுவா அடிக்கறது, ஆள் நகர்ற வரைக்கும் காத்திருக்கறது, தாண்டறப்ப தேங்க்ஸ் சொல்றது, இதெல்லாம் செய்ய பொறுமை இல்லன்னா தயவு செஞ்சு ரோட்டுக்கு வந்துடுங்க. கார்காரன் நமக்கு என்ன பண்றான்னு புலம்பறோமோ, அதையே அங்க நாம ஒரு பாட்டிக்கு பண்ணிட்டிருக்கக் கூடாது.

இப்ப மேற்கு. இங்கதான் கதை அப்படியே தலைகீழா மாறுது. ஆல்பர்டன், கிரீன்ஃபோர்ட், சௌத்ஹால் பக்கம் நம்ம ஆளுங்க எவ்வளவு பேர் இருக்காங்கன்னு சொல்லத் தேவையில்ல. அங்கேர்ந்து பேடிங்டன் பக்கம் வேலைக்குப் போறவங்களுக்கு கிராண்ட் யூனியன் கெனாலோட பேடிங்டன் கிளை, 1801ல திறந்தது, வீட்டுப் பின்னாடியே ஓடுது. இதுல ஒரு அழகு, வழியில ஒரு லாக் கூட கிடையாது. கௌலியிலேர்ந்து கேம்டன் வரைக்கும் தண்ணி ஒரே மட்டம், கிளையெல்லாம் சேத்து 27 மைலுக்கு ஏத்த இறக்கமே இல்லாம போகும். பாலத்துக்கு அடியில புகுந்து வர்றதைத் தவிர ஒரு மேடு கூட மிதிக்க வேண்டாம். நார்த் சர்குலர் ரோடு வர்ற இடத்துல கெனால் அந்த ரோட்டுக்கு மேல பாலத்துல போகுது, கீழ அத்தனை லேன் வண்டியும் ஊர்ந்துட்டு இருக்கும், மேல நீங்க, உங்க சைக்கிள், ஒரு படகு. அந்த ஒரு இடத்துக்காகவே ஒரு தடவை போயிட்டு வரலாம்.

எதிர்ல என்ன ஆப்ஷன் இருக்குன்னு பாருங்க. ஹாரோ ரோடு. அதுல சைக்கிள் ஓட்டினவங்களுக்கு நான் விளக்க வேண்டியது இல்ல, ஓட்டாதவங்களுக்கு விளக்கினாலும் புரியாது. அகலம் பத்தாது, பஸ் நிக்கும், நின்ன பஸ்ஸைச் சுத்தணும், கடை வாசல்ல வேன் டபுள் பார்க்கிங், நடுவுல பெரிய பெரிய ஜங்ஷன். இன்னொரு பக்கம் ஏ40ங்கற பெரிய ரோடு, ஓரத்துல சில இடத்துல சைக்கிளுக்கு தனிப் பாதை இருக்கு, ஆனா எட்டு லட்சம் எஞ்சின் சத்தமும் புகையும் சும்மா மூஞ்சில அடிக்கும், எட்டு லட்சம் பேச்சுக்கு சொல்றேன். நடுவுல பார்க் ராயல், அது முழுக்க கிடங்கும் தொழிற்சாலையும், லாரிதான் அங்க ராஜா. ஹேக்னியில இருக்கற மாதிரி அமைதியா தொடர்ந்து வர்ற உள்தெரு இங்க ஹார்லஸ்டன் தாண்டற வரைக்கும் அமையாது, ரயில் தண்டவாளமும் தொழிற்பேட்டையும் சேந்து எல்லாத் தெருவையும் பாதியில வெட்டிடும். கெனால் மட்டும்தான் அந்தத் தண்டவாளக் காட்டுக்குள்ள அறுபடாம போகுது. டோபாத்தும் கிழக்கு அளவுக்கு நெருக்கடி கிடையாது, பல இடத்துல மேல்தளம் போட்டு நல்லா அகலப்படுத்தி இருக்காங்க, ஆல்பர்டன்லேர்ந்து கென்சல் கிரீன் வரைக்கும் காலைல ஆளே கம்மி. கென்சல் கிரீன் கல்லறைத் தோட்டம் தாண்டி டிரெல்லிக் டவர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சதும் கூட்டம் சேரும், அங்கேர்ந்து லிட்டில் வெனிஸ் வரைக்கும் வேகத்தைக் குறைச்சுக்கணும், அவ்வளவுதான். மேற்குல பகல் வெளிச்சத்துல கெனால்தான், இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

பகல் வெளிச்சத்துலன்னு சொன்னேன் பாருங்க, அங்கதான் விஷயமே இருக்கு. டிசம்பர்ல லண்டன்ல நாலு மணிக்கு முன்னாடியே சூரியன் போயிடும், காலைல எட்டுக்குத்தான் வரும். ஆஃபீஸ் போற ஆளுக்கு திரும்பி வர்றது முழு இருட்டு. டோபாத்துல பெரும்பாலும் லைட் கிடையாது, வௌவால் மாதிரி தண்ணி ஓரத்துல வாழற ஜீவனுங்களுக்காக பல இடத்துல வேணும்னே போடறது இல்ல, அது நியாயம்தான். ஆனா ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் தண்ணி, வெளிய ஏறணும்னா அடுத்த பாலம் வரணும். ஸ்க்ரப்ஸ் லேன்லேர்ந்து ஆக்டன் லேன் வரைக்கும் உள்ள துண்டுல சாயந்திரம் ஆறு மணிக்கு நீங்க கூப்பிட்டாலும் கேக்க ஆள் இருக்காது. லண்டன் டோபாத்துகள்ல சைக்கிளைப் புடுங்கிட்டுப் போற சம்பவம், ஃபோன் பறிக்கற சம்பவம் நடக்கறது தெரிஞ்ச விஷயம். தெருன்னா திரும்பி வேற பக்கம் போயிடலாம், ஒரு கடைக்குள்ள நுழைஞ்சுடலாம், கெனால்ல முன்னாடி ரெண்டு பேர் வழி மறிச்சா பின்னாடி திரும்பறது ஒண்ணுதான். அதுவும் தனியா வர்ற பெண்கள் நிறைய பேர் இருட்டினதும் டோபாத் பக்கம் எட்டிப் பாக்கறதே இல்லன்னு சொல்றாங்க, அதுல பயந்தாங்கொள்ளித்தனம் ஒண்ணும் இல்ல, சரியான கணக்குதான். பஞ்சர் ஆனா கூட இதே கதை, இருட்டுல தண்ணி ஓரத்துல ஃபோன் வெளிச்சத்துல ட்யூப் மாத்தறது என்ன சுகமா இருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

ஆபத்துன்னு பொதுவா சொல்றோமே, அதை ரெண்டு பக்கமும் பிரிச்சுப் பாக்கணும். டோபாத்துல சின்னச் சின்ன ஆபத்து அடிக்கடி: வழுக்கற இலை, வாத்து எச்சம், பனி உறைஞ்ச செங்கல் சரிவு, உப்புத் தூவற வண்டியெல்லாம் அங்க வராது, திடீர்னு குறுக்க பாயற நாய், படகு கட்டின கயிறு, பாதைக்குக் குறுக்க முழ நீளத்துக்கு இல்ல, பத்து மீட்டருக்கு மேல நீட்டி வெச்சிருக்கற மீன்புடிக் கம்பு. விழுந்தா முட்டி சிராய்க்கும். தண்ணிக்குள்ள விழுந்தா ஆழம் பெரும்பாலும் ரொம்ப இருக்காது, ஆனா குளிர்ல உடம்பு அதிர்ச்சி ஆகறது பெரிய விஷயம், கூடவே எலி மூத்திரம் கலந்த தண்ணியால வர்ற லெப்டோஸ்பைரோசிஸ், இங்க வீல்ஸ் டிசீஸ்னும் சொல்வாங்க, அபூர்வம்தான், இருந்தாலும் வாய்க்குள்ள தண்ணி போயிருந்தாலோ காயம் இருந்தாலோ உடனே கழுவிட்டு, அடுத்த ரெண்டு மூணு வாரத்துல காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட கெனால்ல விழுந்தேன்னு மறக்காம சொல்லணும். குதிரைங்களும் அடிக்கடி விழுந்திருக்கு, ரயில் சத்தத்துல மிரண்டு, அதுக்காகவே ரீஜண்ட்ஸ் கெனால் கரையில தண்ணிக்குள்ளேர்ந்து ஏறி வர்ற மாதிரி சரிவு கட்டி வெச்சிருக்காங்க, இன்னைக்கும் பாக்கலாம்.

ரோட்டுல ஆபத்து அபூர்வம், ஆனா வந்தா பெருசு. லண்டன்ல சைக்கிள்காரங்க உயிர் போன விபத்துகள்ல திரும்பத் திரும்ப வர்றது லாரி, அதுவும் இடது பக்கம் திரும்பற லாரி, டிரைவர் உக்காந்திருக்கற உயரத்துலேர்ந்து பக்கத்துல நிக்கற சைக்கிளே தெரியாது. இதுக்காகத்தான் 12 டன்னுக்கு மேல உள்ள லாரிக்கு டிரைவர் எவ்வளவு நேரடியா பாக்க முடியுதுன்னு ஸ்டார் குடுத்து பெர்மிட் வாங்கணும்னு விதி கொண்டு வந்து 2021 மார்ச்லேர்ந்து அமல் படுத்தறாங்க, 2024 அக்டோபர்ல அதை இன்னும் இறுக்கி மூணு ஸ்டார் ஆக்கினாங்க. 2022 ஜனவரில ஹைவே கோட்ங்கற ரோட்டு விதிப் புத்தகத்தை மாத்தினப்ப, 30 மைல் வரைக்கும் வேகத்துல சைக்கிளைத் தாண்டற கார் குறைஞ்சது 1.5 மீட்டர் இடம் விடணும், தேவைப்பட்டா சைக்கிள்காரங்க ரோட்டு லேனோட நடுவுலயே போலாம்னு எழுதிட்டாங்க. எழுதினதுக்கும் தெருவுல நடக்கறதுக்கும் உள்ள தூரம் உங்களுக்குத் தெரியும், ஆனா எழுதாம இருந்ததுக்கு இது மேல்.

மெயின் ரோட்டை ஒரேயடியா ஒதுக்க முடியாதுன்னு முதல்லயே சொன்னேன்ல, காரணம் மெயின் ரோடுன்னா எல்லாம் ஒண்ணு இல்ல. மைல் எண்ட் ரோட்டையே எடுத்துக்கோங்க. 2011ல சைக்கிள் சூப்பர்ஹைவே 2ன்னு பேர் வெச்சு போவ்லேர்ந்து ஆல்ட்கேட் வரைக்கும் ரோட்டுல நீல பெயிண்ட் அடிச்சாங்க, பெயிண்ட் மட்டும்தான். போவ் ரவுண்டபௌட்ல அதே வருஷமும் 2013லயும் சைக்கிள்காரங்க செத்தாங்க. பெரிய எதிர்ப்பு கிளம்பி, 2016ல அதே ரூட்டை கர்ப், அதாவது ஓரக்கல், கட்டி தனியா பிரிச்சு, பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி சைக்கிள் சுத்திப் போற மாதிரி மாத்திக் கட்டினாங்க. இப்ப போவ், மைல் எண்ட்லேர்ந்து சிட்டிக்குள்ள, அதாவது லண்டனோட நடு வியாபார ஏரியாவுக்குள்ள, வேலைக்குப் போறவங்களுக்கு இதை விட நேரான, வேகமான, வெளிச்சமான வழி கிடையாது. நடுராத்திரி மழையிலயும் போலாம். அப்படி இருக்கற ரோட்டை விட்டுட்டு லைம்ஹவுஸ் கட்ங்கற இன்னொரு கெனால், ரீஜண்ட்ஸ் கெனால்னு சுத்தறது வெறும் பழக்கதோஷம். ஆக ரோடு பிஸியான்னு பாக்காதீங்க, கர்ப் இருக்கான்னு பாருங்க. பெயிண்ட் மட்டும் அடிச்ச லேனை லேன் கணக்குலயே சேக்காதீங்க.

அதே போவ் ரவுண்டபௌட் பக்கத்துலயே கெனால் ஜெயிக்கற ஒரு இடமும் இருக்கு, சொல்லாம விட்டா ஒருதலைப்பட்சம் ஆயிடும். ஏ12ங்கற அந்த ராட்சச ரோட்டைத் தாண்ட லைம்ஹவுஸ் கட்ல தண்ணி மேலயே மிதக்கற டோபாத் ஒண்ணு 2003ல போட்டாங்க, ரோடு தலைக்கு மேல போகும், நீங்க அடியில மிதக்கற பலகையில போவீங்க. லைம்ஹவுஸ் கட் 1770ல திறந்தது, லண்டன்லயே பழைய கெனால், கோடு போட்ட மாதிரி நேரா போகும், ஆளும் குறைவு. பெரிய ரோட்டைக் குறுக்க கடக்க மட்டும் அஞ்சு நிமிஷம் கெனாலை எடுத்துட்டு அந்தப் பக்கம் தெருவுக்கு ஏறிடறது, இதுதான் கெனாலோட உண்மையான பலம்னு எனக்குத் தோணுது. முழு பயணத்தையும் அதுல ஓட்டணும்னு யாரும் கட்டாயப்படுத்தலையே.

காத்து பத்தி கேப்பீங்க. மெயின் ரோட்டு ஓரத்தை விட்டு நகர நகர டீசல் புகை சீக்கிரமே குறையும், அந்த வகையில கெனாலும் உள்தெருவும் ரெண்டுமே ரோட்டை விட நல்லது. ஆனா குளிர்காலத்துல வரிசையா கட்டியிருக்கற படகு வீடுகள்ல விறகும் கரியும் எரிப்பாங்க, காத்து இல்லாத நாள்ல அந்தப் புகை தண்ணி மேலயே தொங்கும், ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு அதுல மிதிச்சுட்டுப் போறது சுகப்படாது. சுத்தமான காத்துக்காகன்னு டிசம்பர்ல டோபாத் போறவங்க இதையும் யோசிச்சுக்கோங்க.

வண்டி விஷயம் சுருக்கமா. டோபாத்துன்னா ஒல்லி டயர் வேணாம், 35 மில்லிமீட்டருக்குப் பக்கத்துல, பஞ்சர் தாங்கற டயரா பாத்து வாங்குங்க, கரையோர வேலிச் செடியை வெட்டி விடற மாசத்துல முள்ளு பாதை முழுக்க கிடக்கும். மட்கார்ட் இல்லாம போனா முதுகுல ஒரு கோடு சேறோட ஆஃபீஸுக்குள்ள நுழையணும். ஹேண்டில்பார் ரொம்ப அகலமா இருந்தா பாலத்தடியில கஷ்டம். பெல் கண்டிப்பா. முன் லைட்டை கீழ பாத்து சாய்ச்சு வையுங்க, எதிர்ல நடந்து வர்றவங்க கண்ணைக் குருடாக்கிட்டா தண்ணிப் பக்கம் ஒதுங்கறது அவங்கதான். கேம்டன்லேர்ந்து சிட்டி ரோடு பக்கம் போறப்ப கீழ ஸ்லாப் சில இடத்துல லொடலொடன்னு ஆடும், அதுக்கடியில 1979ல போட்ட 400 கிலோவோல்ட் மின்சார கேபிள் ஓடுது, கெனால் தண்ணியை வெச்சுதான் அதைக் குளிர வெக்கறாங்க, மழைக்கு மறுநாள் ஆடற ஸ்லாப்ல ஏறினா அடியிலேர்ந்து தண்ணி பீச்சி பேண்ட்டு நனையும், மத்தபடி பயப்பட ஒண்ணும் இல்ல. எலக்ட்ரிக் சைக்கிள் வெச்சிருக்கறவங்களுக்கு என் கருத்து, உங்களுக்கு டோபாத் தேவையே இல்ல, மேடு ஒரு பிரச்சனையே இல்லாத ஆளுக்கு மேடில்லாத பாதை எதுக்கு, நீங்க தாராளமா தெருவுல மணிக்கு 15.5 மைல் வேகம் வரைக்கும் மோட்டார் உதவியோட போங்க.

முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு காரியம் செய்யுங்க. ட்ரையலை ஞாயித்துக்கிழமை பண்ணாதீங்க, ஒரு லீவு எடுத்தாவது செவ்வாயோ புதனோ நீங்க நிஜமா போகப் போற நேரத்துல போங்க, போறப்ப கெனால், வர்றப்ப உள்தெரு. எத்தனை தடவை கால் ஊணி நின்னீங்க, எத்தனை தடவை நெஞ்சு திக்குன்னுச்சுன்னு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. நேரம் கூட அப்புறம்தான்.

நான் எப்படி வெச்சிருக்கேன்னா, கடிகாரம் மாத்தறதுதான் எல்லைக்கோடு. மார்ச் கடைசி ஞாயிறுலேர்ந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரைக்கும் மேற்குல கெனால், அதுவும் காலைல சீக்கிரம் கிளம்பினா ஆளில்லாத பாதை கிடைக்கும். கிழக்குல வருஷம் முழுக்க உள்தெரு, சிட்டிக்குள்ள போகணும்னா கர்ப் கட்டின மைல் எண்ட் ரோடு. குளிர்காலத்துல மேற்குக்கு நல்ல சைக்கிள் வழின்னு ஒண்ணை என்னால கையைக் காட்டி சொல்ல முடியல, ஹார்லஸ்டன் தாண்டிட்டா கென்சல் ரைஸ், குவீன்ஸ் பார்க் தெருவெல்லாம் பரவாயில்ல, அது வரைக்கும் உள்ள துண்டுதான் கொடுமை. அதுக்கு மடக்கற சைக்கிள் ஒண்ணு வாங்கிட்டு ஸ்டோன்பிரிட்ஜ் பார்க்ல பேக்கர்லூ லைன் ட்யூப் ரயில் ஏறிடுங்க, பீக் டைம்ல மடக்காத சைக்கிளை ட்யூப்ல விட மாட்டாங்க, மடக்கினதை விடுவாங்க, பேடிங்டன்ல இறங்கி மிச்ச தூரத்தை வெளிச்சத்துல மிதிச்சுக்கலாம்.